கீழ் உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில்

வாய்க்குள் நான் பார்த்ததற்கு ஒரு பெயர் வைத்துச் சொல்லியிருந்தால், என் கணவர் பயந்துபோய்ப் புகையிலையை விட்டிருப்பாரா, இல்லை என்னிடம் வாயைத் திறப்பதையே விட்டிருப்பாரா? இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை. குழந்தைக்குச் சோறு ஊட்டும்போது சொல்லியிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தால் சொல்லாததுதான் சரி என்று தோன்றுகிறது.

கும்மிடிப்பூண்டியில் ஒரு பல் மருத்துவமனையில் வேலை செய்கிறேன். டாக்டர் இல்லை. பல் சுகாதாரத்துக்கென்று இருக்கும் டிப்ளமோ படித்தவள். பல்லில் படிந்த காரையைச் சுரண்டி எடுப்பது, ஈற்றின் நிலையைப் பார்த்து டாக்டரிடம் சொல்வது, எப்படித் தேய்க்க வேண்டும் என்று காட்டுவது, இவைதான் என் வேலை. வருகிறவர்களுக்கு நான் கிளீனிங் பண்ணும் சிஸ்டர். ஆரம்பாக்கத்தில் கணவரின் வீட்டில் இருக்கிறோம். அவர், மாமியார், நான், நான்கு வயதுப் பெண் குழந்தை. கணவர் தொழிற்பேட்டையில் ஒரு ரோலிங் மில்லில் காண்ட்ராக்ட் ஆள். பழுக்கக் காய்ந்த இரும்பு, உருளைகளுக்கு நடுவே கம்பியாக நீண்டு வரும் இடத்தில் நிற்கிறார்.

ஈறு என்று எல்லோரும் ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். படிக்கப் போனபோதுதான் அதற்குள் எத்தனை ஊர் இருக்கிறது என்று தெரிந்தது. பல்லின் கழுத்தைச் சுற்றிச் சட்டைக் காலர் மாதிரி ஒரு விளிம்பு. அது பல்லோடு ஒட்டாது. நடுவே மெல்லிய பள்ளம் இருக்கும். அதன் ஆழத்தை அளக்கத்தான் கோடு போட்ட கம்பியை இறக்குகிறோம். அதற்குக் கீழே எலும்போடு இறுகப் பிடித்த ஈறு. நன்றாக இருந்தால் சாத்துக்குடித் தோல் மாதிரி புள்ளி புள்ளியாகத் தெரியும். இரண்டு பல்லுக்கு நடுவே முக்கோணமாக ஏறி நிற்கும் சதை. இன்னும் கீழே ஒரு கோடு. கோட்டைத் தாண்டினால் பளபளவென்று, சிவந்து, இழுத்தால் அசையும் மெல்லிய தோல். அது அப்படியே வளைந்து உதட்டின் உட்பக்கமாக ஏறுகிறது. வளையும் இடத்தில் ஒரு வாய்க்கால் இருக்கிறது. புகையிலை வைக்கிறவர்களுக்கு அந்த வாய்க்காலை யாரும் படம் போட்டுக் காட்டத் தேவையில்லை.

பாடப் புத்தகத்தில் ஈறு இளஞ்சிவப்பு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் வருகிறவர்கள் வாயெல்லாம் எனக்கு நோயாகவே தெரிந்தது. எல்லோருக்கும் பழுப்பு, சிலருக்கு நாவற்பழம் தின்ற மாதிரி கறுப்பு. காக்களூரில் ஒரு கம்பெனி முகாமில் பிளாஸ்டிக் தாடையை வைத்து விளக்கிக்கொண்டிருந்தேன். வரிசையில் நின்ற ஒருவர், "இன்னா மேடம், ஃபாரின்காரன் வாயைக் காட்டிக்கினு கீறீங்க, நம்ம ஊரு மாடல் இல்லியா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முகம் சுருங்கிவிட்டது, ஆனால் அவர் சொன்னது சரி. நம் தோல் நிறம் ஈற்றிலும் இருக்கும், அது நோயில்லை. நிறத்தைப் பார்த்துப் பயப்படாதே, நிறம் மாறினால் பார் என்று டாக்டர் பிறகு சொல்லித் தந்தார்.

அதே டாக்டர்தான் இன்னொன்றையும் பழக்கினார். வாயில் ஒரு திட்டையோ புண்ணையோ பார்த்தால் எந்த இடம், எவ்வளவு பெரிது, என்ன நிறம், தட்டையா மேடா, மேலே வழவழப்பா சுருக்கமா, துணியால் துடைத்தால் போகிறதா, தொட்டால் மெத்தென்று இருக்கிறதா கெட்டியா என்று சொல்ல வேண்டும். நோயின் பெயரை மட்டும் சொல்லக் கூடாது.

"பேரு வேணாம்மா. பேரு சொன்னா நம்ம கண்ணு அங்கேயே நின்னுடும், அப்புறம் வேற எதையும் பார்க்காது. பார்த்ததைச் சொல்லு, போதும்."

சதையில் கொஞ்சம் எடுத்துச் சோதிக்காமல் யாராலும் பெயர் சொல்ல முடியாது என்பதும் உண்மைதான். நான் அந்த விதியை ஒருநாளும் மீறியதில்லை. கல்யாண வீட்டில் சொந்தக்காரர்கள் வாயைத் திறந்து காட்டினாலும் பார்த்ததைச் சொல்லி, டாக்டரிடம் போங்கள் என்பேன். வீட்டில் எனக்கு இருக்கும் கெட்ட பெயரே, எதைக் கேட்டாலும் நேராகப் பதில் சொல்ல மாட்டேன் என்பதுதான்.

கணவர் புகையிலை வைப்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் எனக்குத் தெரியும். மில்லுக்குள் பீடி கூடாது. உருளைப் பக்கம் நிற்கும் வெக்கையில் தூக்கம் சொக்கிக்கொண்டு வருமாம். கண் அசந்தால் கம்பி காலைக் கொண்டுபோய்விடும். அதனால் எல்லோரும் சின்னப் பொட்டலத்தை உதட்டுக்குள் அடக்கிக்கொண்டு நிற்கிறார்கள். சூப்பர்வைசருக்குத் தெரியும், கேட்பதில்லை. கடையில் வெளிப்படையாக விற்பதில்லை. ஆனால் கேட்டால் இல்லை என்று சொல்லும் கடை எதையும் நான் பார்க்கவில்லை. உடன் வேலை செய்கிறவர்கள் என் வேலையைச் சொல்லி அவரை ஓட்டுவார்களாம். பல்லு டாக்டரம்மா ஊட்டுக்காரரு வாயில குப்பத்தொட்டி என்று. அதை அவரே வந்து சொல்லிச் சிரிப்பார். நானும் சிரித்திருக்கிறேன்.

ஒரு விடுமுறை நாள் காலையில் வாசலில் கண்ணாடியை மாட்டி முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். தாடையை மழிக்கக் கீழ் உதட்டைக் கீழே இழுத்தார். வெயில் நேராக உள்ளே விழுந்தது. இடப்பக்கம், கோரைப்பல்லுக்கு எதிரே, அந்த வாய்க்காலில் வெள்ளையாக ஒரு திட்டு. தண்ணீரில் ரொம்ப நேரம் ஊறிய விரல் நுனி மாதிரி சுருங்கியிருந்தது. பக்கத்துப் பல்லின் ஈறு இறங்கி வேர் மஞ்சளாகத் தெரிந்தது. சோப்பு நுரையோடு அவரை அப்படியே நிற்கச் சொல்லி, கைபேசி விளக்கைப் பிடித்துப் பார்த்தேன். மெல்லிய துணியால் துடைத்தேன். போகவில்லை. தொட்டால் மெத்தென்றுதான் இருந்தது.

இது இன்னா என்று கேட்டார். நான் பழக்கப்படி இடம், அளவு, நிறம், சுருக்கம் எல்லாம் சொன்னேன். புகையிலை தொடர்ந்து படும் இடத்தில் இப்படி வரும், நிறுத்தினால் சில வாரத்தில் சரியாகிவிடும், ஆகாவிட்டால் டாக்டரிடம் காட்ட வேண்டும் என்றேன். பெயர் சொல்லவில்லை. என் குரலும் மருத்துவமனையில் பேசுகிற குரலாகவே இருந்திருக்க வேண்டும். அவர் தலையாட்டினார். சரிம்மா, வைக்க மாட்டேன் என்றார்.

வாரத்துக்கு ஒரு தடவை உதட்டை இழுத்துக் காட்டினார். வெள்ளை மெலிந்துகொண்டே வந்தது. சுருக்கம் போய்த் தோல் தன் நிறத்துக்குத் திரும்பியது. வேலையில் நூறு பேருக்குச் சொல்வதை ஒருவராவது கேட்டாரே என்று எனக்கு அப்படி ஒரு நிம்மதி. கும்மிடிப்பூண்டி ரயிலில் வரும்போது காரணமில்லாமல் சிரித்துக்கொண்டு வந்திருக்கிறேன். அந்த வாரங்கள்தான் கடைசியாக நான் நன்றாகத் தூங்கியவை.

பிறகு ஒரு மதியம் கருவாட்டுக் குழம்பு. முதல் கவளத்திலேயே அவர் வலது கன்னத்தைக் கையால் அழுத்திக்கொண்டார். காரமா என்றேன். ஒன்றுமில்லை என்று சோற்றை இடப்பக்கம் ஒதுக்கி மென்றார். கொஞ்ச நாளாகவே அப்படித்தான் மெல்லுகிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாயைக் காட்டச் சொன்னேன். கீழ் உதட்டை இழுத்து, பழைய இடத்தில் ஒன்றும் இல்லை என்று பெருமையாகக் காட்டினார். அங்கே இல்லை, பின்னால் காட்டுங்கள் என்றேன்.

வலது கன்னத்தின் உட்பக்கம், கீழே கடைசிப் பல்லுக்கு எதிரே. வெள்ளை, அதற்குள் அங்கங்கே வெல்வெட் துணி மாதிரி சிவப்பு. துடைத்தேன், போகவில்லை. கட்டைவிரல் வெளியிலும் ஆள்காட்டி விரல் உள்ளேயுமாகப் பிடித்துப் பார்த்தேன். ஒரு ஓரம் செருப்பு வார் மாதிரி கெட்டியாக இருந்தது. விரலை எடுத்த பிறகும் அந்தக் கெட்டி என் விரலில் இருந்தது.

நிறுத்தவே இல்லையா என்று கேட்டேன்.

"நிறுத்தறதா? எடத்த மாத்தினேன்," என்றார். "மூட்டை தூக்கறவன் ஒரு தோளு காச்சிப்போனா அடுத்த தோளுக்கு மாத்திக்கிறான் இல்ல? எங்க செட்டுல எல்லாரும் அப்படித்தான். எரிஞ்சா எடம் மாத்து. நீதான சொன்ன, அந்த எடம் ஆறிக்கினு வருதுன்னு."

அவர் பொய் சொல்லவில்லை. என்னை ஏமாற்றவும் நினைக்கவில்லை. மில்லில் சேர்ந்த நாளிலிருந்தே உதடு எரிந்தால் கன்னத்துக்கும், கன்னம் எரிந்தால் உதட்டுக்குமாக மாற்றிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். இப்போது உதட்டுக்கு முழு விடுப்பு கொடுத்து, எல்லாவற்றையும் கன்னத்துக்குக் கொண்டுபோய்விட்டார். நான் எந்த இடம் என்று அவ்வளவு துல்லியமாகச் சொன்னதால், கெட்டது அந்த இடம் மட்டும்தான் என்று எடுத்துக்கொண்டார். வாரா வாரம் நானும் அந்த ஒரு இடத்தையே பார்த்து நன்றாகிறது, நன்றாகிறது என்று சொல்லியிருக்கிறேன். மருத்துவமனைக்கு வருகிறவர் யாராக இருந்தாலும் நாக்கின் அடிவரை தூக்கிப் பார்க்காமல் அனுப்ப மாட்டேன். வீட்டில் ஏன் பார்க்கவில்லை? பார்த்திருந்தால் அவர் திறந்திருப்பாரா?

மறுநாள் மருத்துவமனையில் டாக்டர் கையைக் கழுவிக்கொண்டிருந்தார். ஒருவர் வாயில் இப்படி இருக்கிறது என்று ஆரம்பித்து, வரிசை மாறாமல் சொன்னேன். இடம். அளவு, ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் சிறியது. வெள்ளையும் சிவப்பும். துடைத்தால் போகவில்லை. வலி பெரிதாக இல்லை, காரத்துக்கு எரிச்சல். ஓரம் கெட்டி என்று சொன்னபோது டாக்டர் குழாயை மூடினார்.

"எந்தப் பேஷன்ட்? உள்ளே கூப்பிடு."

"வெளியே இல்ல டாக்டர். வீட்டுல."

டாக்டர் என்னைப் பார்த்தார். ஈரக் கையோடு என் தோளைத் தொட்டார். அவரும் பெயர் சொல்லவில்லை. அன்று சாயங்காலமே அழைத்து வரச் சொன்னார். பார்த்துவிட்டு, சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சதையெடுத்துச் சோதித்தே ஆக வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்று கணவரிடமே நேரே சொன்னார். அவர் பள்ளிக்கூடப் பையன் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்று, சரிங்க மேடம் என்றார்.

வீட்டில் மாமியார் ஒத்துக்கொள்ளவில்லை. அவரிடம் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. எங்கள் தெருவிலேயே ஒருவருக்குத் தொண்டையில் சதையெடுத்தார்கள், அதன் பிறகு கொஞ்ச நாளில் போய்விட்டார். அதைத்தான் சொன்னார்.

"கத்தி படாத வரிக்கும் அது சும்மா கெடக்கும்மா. பட்டா எழுந்து ஓடும். படிச்சவ நீ, நான் இன்னா சொல்றது. ஆனா எனக்கு ஒரே புள்ள."

அந்தத் தெருக்காரர் ஆஸ்பத்திரிக்குப் போனபோதே நோய் முற்றியிருந்தது, கத்தியால் பரவவில்லை என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டுப் பெரியபாளையத்து அம்மனுக்கு வேண்டிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை கணவர் லீவு போட, எல்லோருமாகப் போனோம். கண்ணுக்கு, கைக்கு, காலுக்கெல்லாம் உருவத் தகடு விற்கிற கடையில் வாய்க்குத் தனியாகத் தகடு இல்லை. மாமியார் கடைக்காரரோடு கொஞ்ச நேரம் வாதாடிவிட்டு முகமாக ஒன்று வாங்கினார். கணவர் ஈரத்துணியோடு வேப்பிலை கட்டிக்கொண்டு வலம் வந்தார். அன்று முழுவதும் அவர் வாயில் புகையிலை இல்லை. அம்மனுக்காக ஒரு நாள் முடிகிறது என்றால் எனக்காக ஏன் முடியவில்லை என்று ஒரு நொடி நினைத்தேன். கோயிலில் நின்றுகொண்டு அப்படி நினைத்ததற்கு வருகிற வழியெல்லாம் பயந்துகொண்டு வந்தேன்.

அடுத்த வாரம் சென்னைக்குக் கிளம்பினோம். மாமியாருக்குக் காய்ச்சல் என்பதால் குழந்தையும் கூட. ரயிலில் கணவர் நன்றாகத்தான் இருந்தார். குழந்தையை ஜன்னலோரம் உட்காரவைத்து மாடு, கொக்கு, லாரி என்று காட்டிக்கொண்டே வந்தார். ஆஸ்பத்திரியில் நீளமான பெஞ்சில் உட்கார வைத்தார்கள். எங்களுக்கு எதிரே ஒருவர், கீழ்த்தாடையின் ஒரு பக்கம் இல்லாமல், துண்டால் வாயை மூடியபடி இருந்தார். மூக்கில் குழாய். பக்கத்தில் அவர் மனைவி. நான் அவர்களைப் பார்க்காமல் இருக்கக் குழந்தையின் செருப்பைக் கழற்றி மறுபடி மாட்டிவிட்டேன். எங்கள் முறைக்கு இன்னும் இரண்டு பேர்தான் இருந்தார்கள். கணவர் எழுந்தார்.

"தண்ணி குடிச்சிட்டு வரேன்."

நான் பாட்டிலை நீட்டினேன். அதைப் பார்க்காத மாதிரி போய்விட்டார். பெயரைக் கூப்பிட்டார்கள். மறுபடி கூப்பிட்டார்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு குழாயடி, டீக்கடை, வாசல் எல்லாம் தேடினேன். கைபேசியை எடுக்கவில்லை. அடுத்தவரைக் கூப்பிட்டு முடித்து, சீட்டுக் கொடுக்கும் ஜன்னலையும் மூடிவிட்டார்கள். நாங்கள் இருவர் மட்டும் திரும்பினோம். வீட்டுக்கு வந்தால் அவர் குளித்துவிட்டு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். நான் எதுவும் கேட்பதற்கு முன்னால் அவரே சொன்னார்.

"அந்த ஆளப் பாத்து நான் பயப்படல. அவன் பொண்டாட்டியப் பாத்தேன். அவன் மூஞ்சியப் பாக்காம தரையவே பாத்துக்கினு இருந்தா. நீ அப்படி ஒக்கார வேணாம்."

அந்தப் பெண் களைத்துப்போய்க் குனிந்திருக்கலாம். நானும்கூட அப்போது குனிந்துதான் இருந்தேன், செருப்பை மாட்டிக்கொண்டு. அதைச் சொன்னால் இன்னும் மோசமாகிவிடும் என்று, சாப்பாட்டு டப்பாவில் சோறு போட்டுக் கொடுத்தேன்.

அதிலிருந்து எனக்கு வாயைக் காட்டுவதில்லை. தெருக்குழாயில் முதுகைக் காட்டிக்கொண்டு பல் தேய்க்கிறார். டாக்டர் இரண்டு தடவை கைபேசியில் அழைத்தார்; இவர் வருகிறேன் என்று சொல்லி, போகவில்லை. காண்ட்ராக்டருக்குத் தெரிந்தால் உருளைப் பக்கத்திலிருந்து எடுத்துவிடுவார், அப்புறம் ஆளையே எடுத்துவிடுவார் என்கிறார். புகையிலையைக் குறைத்துவிட்டதாகச் சொல்கிறார். சட்டைப் பையைத் துவைக்கும்போது துகள் வருகிறது. என்னால் இப்போது பார்க்க முடிந்ததெல்லாம் வெளியே இருப்பவைதான். பச்சை மிளகாயை ஓரத்தில் ஒதுக்குகிறார். ரசம் சோறு கேட்கிறார், அதையும் ஆறவைத்து. முன்பு மூன்று விரல் நுழையும் அளவுக்கு வாயைத் திறந்து கொட்டாவி விடுவார்; இப்போது கையால் மறைத்துக்கொள்கிறார். நான் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்து அவர் கன்னத்தைக் கணக்குப் போடுகிறேன்.

குழந்தைக்கு மட்டும் காட்டுகிறார். மங்கிப்போன, பல் பார்க்கும் சின்னக் கண்ணாடி ஒன்றை விளையாடக் கொடுத்திருந்தேன். தரையில் படுத்துக்கொண்டு, பூச்சி இருக்கா பாரு என்று அவளிடம் வாயைத் திறப்பார். நான் உள்ளே வந்தால் மூடிக்கொள்வார். ஒரு நாள் தலை வாரிவிடும்போது அவளிடம் கேட்டேன். அப்பா வாயில் என்ன பார்த்தாய், எந்தப் பக்கம், என்ன நிறம். வேலையில் கேட்கிற அதே வரிசையில் கேட்டிருக்கிறேன்.

"இந்தப் பக்கம்," என்று தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள். "வெள்ளையா கீது, செவப்பா கீது. நடுவுல குழி. அப்பா யாருக்கும் சொல்லாதன்னாரு."

போன தடவை நான் பார்த்தபோது குழி இல்லை. வாரிய தலையை மறுபடியும் பிரித்துப் பின்னினேன். அவளிடம் இனி கேட்கக் கூடாது என்று அன்று முடிவு செய்தேன். நான்கு வயதுக் குழந்தையை அப்பாவின் வாய்க்குள் வேவு பார்க்க அனுப்பும் அம்மாவாக நான் இருக்கக் கூடாது. ஆனால் அவள்தான் இப்போது பார்க்கிற ஒரே ஆள்.

டாக்டர் சொல்கிறார், இப்போது போனாலும் செய்ய வழி இருக்கிறது, ஆனால் நாள் நம் பக்கம் இல்லை என்று. நான் அழுது பார்த்துவிட்டேன். பேசாமல் இருந்து பார்த்துவிட்டேன். தாய்வீட்டுக்குப் போகிறேன் என்று காக்களூர்வரை போய்த் திரும்பியும் வந்துவிட்டேன். காண்ட்ராக்டரிடம் நானே போய்ச் சொல்லி, அவரைக் கட்டாயப்படுத்தி அனுப்பச் சொல்லலாமா? வேலை போய், ஆஸ்பத்திரிக்கும் போகாமல் வீட்டில் உட்கார்ந்துவிட்டால் என்ன செய்வது? மாமியாரை என் பக்கம் கொண்டுவர யாரைப் பேச வைப்பது?

இதைப் படிக்கிறவர்கள் வீட்டில், ஆஸ்பத்திரி பெஞ்சுவரை வந்து எழுந்து போன ஒருவர் இருந்திருக்கலாம். அவரை மறுபடியும் எப்படி அழைத்துப் போனீர்கள்? யார் சொல்லிக் கேட்டார்? என்ன சொன்னபோது எழுந்து வந்தார்? பொய் சொல்லி அழைத்துப் போயிருந்தாலும் பரவாயில்லை, அந்தப் பொய்யைச் சொல்லுங்கள். சதையெடுத்துச் சோதித்த பிறகு நன்றாக இருக்கிறவர் யாராவது இந்தப் பக்கம் இருந்து, ஒரு தடவை எங்கள் வீட்டுக்கு வந்து என் மாமியார் முன்னால் உட்கார்ந்து பேச முடியுமென்றாலும் சொல்லுங்கள். என் கணவருக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. அதற்குள் தெரிந்தால் நல்லது.